ஏழு வருஷமாகச் சர்க்கரை ஒரே எண்ணில் நிற்கிறது: என் பீட்டா செல்கள் செத்துக்கொண்டிருக்கின்றனவா, மரபணுவில் ஏதாவதா?

கார்முகில்:

வணக்கம். கொஞ்சம் நீளமாகத்தான் எழுத வேண்டியிருக்கிறது, பொறுத்துக்கொள்ளுங்கள். எனக்கு வயது 29. 22 வயதில் வேலைக்குச் சேர்வதற்காக எடுத்த ரத்தப் பரிசோதனையில் வெறும் வயிற்றில் சர்க்கரை 118 வந்தது. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது, ஏனென்றால் நான் ஒல்லி, எந்த அறிகுறியும் கிடையாது. அன்றிலிருந்து ஒரு நோட்டில் எழுதி வருகிறேன். நேற்று ராத்திரி அதை முதல் பக்கத்திலிருந்து புரட்டினேன். 118, 121, 116, 123, 119, 122, 120. ஏழு வருஷம், அதே எண்தான் முன்னும் பின்னும் நகர்கிறது. சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்துப் பார்த்தால் 145, மிஞ்சினால் 155. மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி எப்போதும் 6.2-க்கும் 6.5-க்கும் நடுவில்.

டைப் 2 என்று சொல்லி மெட்ஃபார்மின் கொடுத்தார்கள். மூன்று வருஷம் ஒருநாள் விடாமல் போட்டேன், எண் அசையவில்லை. அளவைக் கூட்டியும் அசையவில்லை. போன மாதம் வேறொரு மருத்துவரிடம் போனபோது, "கணையம் சோர்ந்துகொண்டே வருகிறது, சீக்கிரமே இன்சுலினுக்குப் போக வேண்டியிருக்கும்" என்றார். வீட்டுக்கு வந்து அழுதேன். அப்புறம் யோசித்தால் ஒரு விஷயம் இடித்தது. சோர்ந்துகொண்டு வருகிறது என்றால் எண் ஏறத்தானே வேண்டும்? ஏழு வருஷமாக ஏன் அப்படியே நிற்கிறது?

அம்மாவுக்கும் இதே கதைதான். நான் வயிற்றில் இருக்கும்போது சர்க்கரை இருப்பது தெரிந்திருக்கிறது, பிரசவத்துக்குப் பிறகு போய்விடும் என்றார்களாம், போகவில்லை. இன்றைக்கு அவருக்கு 56 வயது, வெறும் வயிற்றில் 125-ஐ ஒட்டி. அம்மாவின் அம்மாவுக்கும் "லேசாகச் சர்க்கரை" இருந்தது, 84 வயது வரை கண்ணோ காலோ சிறுநீரகமோ கெடாமல் வாழ்ந்தார். தம்பிக்கு மட்டும் 90-க்குப் பக்கத்தில், எந்தப் பிரச்சினையும் இல்லை.

கணையத்தில் இருக்கும் பீட்டா செல் எப்படி இன்சுலினைச் சுரக்கிறது, அதில் மரபணு எந்த இடத்தில் கை வைக்கிறது என்பதைப் புரியும்படி யாராவது சொல்ல முடியுமா? எனக்கு ஆறுதல் வேண்டாம், விஷயம் வேண்டும்.


நுண்ணோக்கி:

உங்கள் நோட்டு ரொம்ப முக்கியமான சாட்சி, அதைப் பத்திரமாக வைத்திருங்கள். நான் மருத்துவர் இல்லை. பீட்டா செல்களை வைத்து ஆய்வகத்தில் வேலை பார்க்கிறவன். அதனால் நான் சொல்வதை உங்கள் மருத்துவரிடம் கேட்க வேண்டிய கேள்வியாக எடுத்துக்கொள்ளுங்கள், நோய்க் கணிப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

பெரும்பாலானவர்கள் பீட்டா செல்லை இன்சுலின் தயாரிக்கும் தொழிற்சாலையாக மட்டும் நினைக்கிறார்கள். அதற்கு இன்னொரு வேலையும் உண்டு, அளப்பது. ரத்தத்தில் குளுக்கோஸ் எவ்வளவு என்று ஒவ்வொரு நிமிடமும் பார்த்து, அதற்கேற்ற அளவு இன்சுலினை வெளியே விட வேண்டும். அதிகமாக விட்டால் ஆள் மயங்கி விழுவார், குறைவாக விட்டால் சர்க்கரை ஏறும்.

அது நடக்கும் வழி இப்படி. குளுக்கோஸ் செல்லுக்குள் நுழைகிறது. உள்ளே போனதும் குளுக்கோகைனேஸ் என்ற நொதி அதில் ஒரு பாஸ்பேட்டை ஒட்டுகிறது. அதற்குப் பிறகுதான் குளுக்கோஸ் எரிந்து, செல்லுக்குச் சக்தி தரும் ஏடிபி உருவாகிறது. ஏடிபி கூடியதும் செல் சவ்வில் திறந்திருக்கும் பொட்டாசியம் வாயில்கள் மூடிக்கொள்கின்றன. அதனால் சவ்வின் மின்னழுத்தம் மாறுகிறது, கால்சியம் வாயில்கள் திறக்கின்றன, கால்சியம் உள்ளே பாய்கிறது, ஏற்கெனவே பொட்டலம் கட்டித் தயாராக இருக்கும் இன்சுலின் பைகள் சவ்வோடு ஒட்டி வெளியே கொட்டுகின்றன. ஒரு பீட்டா செல்லுக்குள் இப்படிச் சுமார் 10,000 பைகள் இருக்கும். உணவுக்குப் பிறகு குடலிலிருந்து வரும் ஜிஎல்பி-1, ஜிஐபி என்ற ஹார்மோன்கள் இந்தச் சுரப்பை இன்னும் தூக்கிவிடும். அதனால்தான் அதே குளுக்கோஸை ஊசியில் ஏற்றுவதைவிட வாயால் குடித்தால் இன்சுலின் அதிகமாகச் சுரக்கிறது.

இந்தச் சங்கிலியின் ஒவ்வொரு கண்ணிக்கும் ஒரு மரபணு இருக்கிறது. எந்தக் கண்ணி கெட்டது என்பதைப் பொறுத்து நோயின் முகமே மாறிவிடும். உங்கள் நோட்டைப் பார்த்ததும் எனக்கு ஞாபகம் வந்தது முதல் கண்ணி, அதாவது குளுக்கோகைனேஸ். மற்ற செல்களில் இருக்கும் இதன் உறவுக்கார நொதிகள் கொஞ்சம் குளுக்கோஸ் வந்தாலே முழு வேகத்துக்குப் போய்விடும், அதற்கு மேல் எவ்வளவு வந்தாலும் அவற்றுக்குத் தெரியாது. குளுக்கோகைனேஸ் அப்படி இல்லை, ரத்தத்தில் சாதாரணமாக இருக்கும் அளவுகளை ஒட்டித்தான் அதன் வேகம் கூடிக் குறையும். அதனால்தான் அது அளவுகோலாக வேலை செய்ய முடிகிறது. அந்த நொதிக்கான ஜிசிகே மரபணு நம்மிடம் இரண்டு பிரதி உண்டு, அப்பாவிடமிருந்து ஒன்று, அம்மாவிடமிருந்து ஒன்று. ஒரு பிரதி கெட்டால் அளவுகோலின் பூஜ்ஜியம் கொஞ்சம் தள்ளிப் போய்விடுகிறது. மற்றவர்களின் பீட்டா செல் 90-ஐ ஒட்டி விழித்துக்கொள்கிறது என்றால், இவர்களுடையது 120-ஐ ஒட்டி விழிக்கும். விழித்த பிறகு ஒழுங்காகவே வேலை செய்யும். செல் சாகவில்லை, சோரவும் இல்லை. உடம்பு 120-தான் சரி என்று நினைத்து அங்கேயே பிடித்து நிறுத்துகிறது. மாத்திரை போட்டுக் கீழே இழுத்தால் உடம்பு திரும்ப அதே இடத்துக்கு ஏற்றிக்கொள்ளும், மெட்ஃபார்மின் உங்களிடம் தோற்றது அதனால் இருக்கலாம்.

1992-இல் கண்டுபிடித்த விஷயம் இது. எம்.ஓ.டி.ஒய். என்று சொல்லும் ஒற்றை மரபணுச் சர்க்கரை வகைகளில் ஒன்று. வெறும் வயிற்றில் பொதுவாக 100-க்கும் 145-க்கும் நடுவில், ஆண்டுக்கணக்காக அசையாமல், பிறந்ததிலிருந்தே இருக்கும். உங்கள் வீட்டில் பாட்டி, அம்மா, நீங்கள் என்று மூன்று தலைமுறை நேராக வந்து, தம்பிக்கு மட்டும் வராமல் போனதும் பொருந்துகிறது. ஒவ்வொரு பிள்ளைக்கும் பாதிக்குப் பாதி வாய்ப்பு. 2014-இல் வந்த ஒரு ஆய்வில், வாழ்நாள் முழுக்க இந்த லேசான சர்க்கரையோடு இருந்து 50 வயதை ஒட்டி வந்தவர்களைப் பார்த்தபோது, பார்வையைப் பாதிக்கும் கண் கோளாறும் சிறுநீரகக் கோளாறும் அவர்களிடம் மிகக் குறைவாக இருந்தன. கர்ப்ப காலம் தவிர மற்ற நேரத்தில் மருந்தே வேண்டாம் என்பதுதான் இந்த வகைக்கான வழிகாட்டல்.

ஆனால் தயவுசெய்து இதைப் படித்துவிட்டு நீங்களாக மாத்திரையை நிறுத்தாதீர்கள். முதலில் கணையம் எவ்வளவு இன்சுலின் தருகிறது என்று காட்டும் சி-பெப்டைடு, கூடவே பீட்டா செல்லில் இருக்கும் ஜிஏடி, ஐஏ-2, ஜின்க் டிரான்ஸ்போர்ட்டர்-8 ஆகிய புரதங்களுக்கு எதிராக உடம்பின் எதிர்ப்பு சக்தி உருவாக்கும் எதிரணுக்கள் இருக்கின்றனவா என்று பார்க்கச் சொல்லுங்கள். டைப் 1 மெதுவாகத் தொடங்குகிறதா என்பது அதில் தெரியும். அவை இல்லையென்றால் மரபணுப் பரிசோதனை கேளுங்கள். நோட்டைக் கையோடு எடுத்துப் போங்கள்.

ஒரு கேள்வி. நீங்களும் தம்பியும் பிறந்தபோது என்ன எடை இருந்தீர்கள்? அம்மாவிடம் கேட்டுச் சொல்லுங்கள், காரணத்தைப் பிறகு சொல்கிறேன்.


கண்மணிஅம்மா:

நுண்ணோக்கி சொன்ன சங்கிலியில் அடுத்த கண்ணி எங்கள் வீட்டுக் கதை, அதனால் எழுதாமல் இருக்க முடியவில்லை.

என் மகளுக்கு ஏழு வாரத்தில் சர்க்கரை வந்தது. வாரம் என்றுதான் சொல்கிறேன். மூச்சு வேகமாக வாங்கியது, பால் குடிக்கவில்லை, சளி என்று நினைத்துத் தூக்கிக்கொண்டு ஓடினோம். சர்க்கரை 600-க்கு மேல். டைப் 1 என்றார்கள். அவ்வளவு சின்ன உடம்புக்கு அரை யூனிட் இன்சுலின்கூட அதிகம், மருந்தை நீர்க்கச் செய்து ஏற்றுவோம். ஊசியில் அந்த அரைக் கோட்டைப் பார்த்துப் பார்த்து என் கண்ணே பூத்துப்போனது. ராத்திரி மூன்று மணிக்கு எழுந்து குதிகாலில் குத்தி ரத்தம் பார்ப்பது எங்களுக்குப் பழகிப்போனது.

இரண்டு வயதில் வேறொரு மருத்துவர்தான் கேட்டார், "ஆறு மாதத்துக்குள் வந்த சர்க்கரைக்கு மரபணு பார்த்தீர்களா?" என்று. யாரும் பார்க்கவில்லை. ஆறு மாதத்துக்குள் வருவது பெரும்பாலும் டைப் 1 கிடையாதாம், ஒற்றை மரபணுக் கோளாறாகத்தான் இருக்குமாம். ரத்தம் அனுப்பினோம், கேசிஎன்ஜே11 மரபணுவில் மாற்றம் என்று முடிவு வந்தது. அதுதான் அந்தப் பொட்டாசியம் வாயிலைக் கட்டும் மரபணு. என் மகளின் பீட்டா செல்லில் குளுக்கோஸ் நுழைகிறது, எரிகிறது, ஏடிபியும் கூடுகிறது, ஆனால் வாயில் மட்டும் மூட மறுக்கிறது. கதவு திறந்தே கிடப்பதால் செல்லுக்குச் செய்தியே போகவில்லை. உள்ளே இன்சுலின் நிறைய இருக்கிறது, வெளியே வர வழி இல்லை.

சல்ஃபோனைல்யூரியா என்ற பழைய மாத்திரை, பல பெரியவர்கள் தினமும் போடுகிறதுதான், அது அந்த வாயிலில் நேரடியாக ஒட்டி மூடிவிடும். ஏடிபியின் சொல்லைக் கேட்காத கதவு மாத்திரையின் சொல்லைக் கேட்கிறது. மருத்துவமனையில் சேர்த்து, மாத்திரையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டி, இன்சுலினைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்தார்கள். ஒன்பதாவது நாள் ஊசி போடவில்லை. அன்றைக்கு முழுக்க நான் அவளையே பார்த்துக்கொண்டிருந்தேன். இப்போது பதினொரு வயது. மாத்திரைதான், ஊசி இல்லை.

இந்த மரபணு மாற்றத்தை 2004-இல் இங்கிலாந்தின் எக்ஸிட்டரில் இருக்கும் குழு கண்டுபிடித்தது. 2006-இல் 49 பேருக்கு மாத்திரைக்கு மாற்றிப் பார்த்ததில் 44 பேரால் இன்சுலினை விட முடிந்தது. இந்த இரண்டு எண்களையும் நான் மனப்பாடமாக வைத்திருக்கிறேன், பார்க்கிற அம்மாக்களிடம் எல்லாம் சொல்கிறேன். ஆனால் இது உண்மையான டைப் 1-க்குப் பொருந்தாது. அங்கே பீட்டா செல்லையே உடம்பின் எதிர்ப்பு சக்தி அழித்துவிடுகிறது, மூடுவதற்குக் கதவு இருந்தாலும் உள்ளே ஆள் இல்லை. இன்சுலினை நிறுத்தினால் உயிருக்கே ஆபத்து. மரபணு முடிவு கையில் இல்லாமல் யாரும் இதை முயற்சி செய்யக்கூடாது.

கார்முகில், நீங்கள் கேட்டது நல்ல கேள்வி. விடாதீர்கள்.


பழையசைக்கிள்:

படிக்கப் படிக்க மனசுக்கு நிறைவாக இருந்தது, கண்மணிஅம்மா. ஆனால் ஒன்று கேட்க வேண்டும். இந்த அபூர்வ வகைகள் எல்லாம் சரி, எங்களைப் போன்ற சாதாரண டைப் 2 கூட்டத்துக்கு என்ன? எனக்கு 47 வயது, 12 வருஷச் சர்க்கரை. ஒரு மாத்திரையில் தொடங்கி இரண்டாகி இப்போது மூன்று. போகிற இடமெல்லாம் "உடல் எடை, இன்சுலின் எதிர்ப்பு, நடக்கவில்லை" என்றுதான் சொல்கிறார்கள். என்னைவிட இரண்டு மடங்கு எடை உள்ள நண்பனுக்குச் சர்க்கரை இல்லை. எல்லாம் எதிர்ப்புதான் என்றால் அவனுக்கு ஏன் வரவில்லை? இதில் பீட்டா செல்லுக்கும் மரபணுவுக்கும் பங்கு உண்டா இல்லையா?


நுண்ணோக்கி:

உண்டு, நிறையவே உண்டு. உங்கள் நண்பரை வைத்துக் கேட்டது மிகச் சரியான கேள்வி.

இன்சுலின் எதிர்ப்பு இருந்தாலும், அதாவது உடம்பு இன்சுலினின் சொல்லைச் சரியாகக் கேட்காவிட்டாலும், பீட்டா செல் அதற்கு ஈடுகொடுத்து இரண்டு மூன்று மடங்கு சுரந்தால் சர்க்கரை ஏறாது. உங்கள் நண்பரின் பீட்டா செல்கள் அதைச் செய்துகொண்டிருக்கின்றன. ஈடுகொடுக்க முடியாமல் போகிற இடத்தில்தான் டைப் 2 தொடங்குகிறது. டைப் 2-வோடு தொடர்புள்ள இடங்கள் மரபணுத் தொகுதியில் நூற்றுக்கணக்கில் கண்டுபிடிக்கப்பட்டிருக்கின்றன, அவற்றில் வேலை புரிந்தவற்றில் பெரும்பாலானவை பீட்டா செல்லில்தான் வேலை செய்கின்றன. எதிர்ப்பைத் தொடுபவை குறைவு.

அதில் பெரிய பெயர் டிசிஎஃப்7எல்2. 2006-இல் ஐஸ்லாந்துக் குழு ஒன்று வெளியிட்டது. ஆபத்தான வடிவம் ஒரு பிரதி இருந்தால் சர்க்கரை வரும் வாய்ப்பு சுமார் 1.4 மடங்கு, இரண்டு இருந்தால் ஏறக்குறைய இரட்டிப்பு. டைப் 2-வில் பரவலாகக் காணப்படும் மாற்றங்களில் இதுதான் பலமானது, அதுவே இவ்வளவுதான். மற்றவை ஒவ்வொன்றும் 1.1, 1.2 என்று சின்னச் சின்னதாகத் தள்ளும். பல சேர்ந்தால் ஒருவருடைய பீட்டா செல்லின் கையிருப்பு பிறவியிலேயே கொஞ்சம் குறைவாக இருக்கும். கண்மணிஅம்மா வீட்டில் நடந்ததுபோல் ஒரு கதவைச் சரிசெய்து முடித்துவிட இங்கே வழி இல்லை.

எனக்கு ரொம்பப் பிடித்த மரபணு எஸ்எல்சி30ஏ8. பீட்டா செல்லின் பைகளுக்குள் துத்தநாகத்தை ஏற்றுவது அதன் வேலை. இன்சுலின் மூலக்கூறுகள் ஆறாறாகச் சேர்ந்து துத்தநாகத்தைச் சுற்றிப் படிகமாக அடுக்கிக்கொள்ளும். ஆய்வகத்தில் தானமாக வந்த கணையத்திலிருந்து, பீட்டா செல்கள் கூட்டமாக இருக்கும் திட்டுகளைப் பிரிக்கும்போது டித்திசோன் என்ற சாயம் சேர்ப்போம். கண்ணாடித் தட்டில் வெளிறிக் கிடக்கும் திசுத் துணுக்குகளுக்கு நடுவே மணல் பருமனில் சிவப்பு சிவப்பாகத் திட்டுகள் தெரிய ஆரம்பிக்கும், அந்தச் சிவப்பு துத்தநாகத்தால் வருவது. முதல்முறை பார்த்தபோது பெரிய வேலையைச் செய்கிறது இவ்வளவு சிறியதா என்று அசந்து நின்றேன். கணையத்தில் இப்படிச் சுமார் பத்து லட்சம் திட்டுகள் உண்டு, ஆனாலும் மொத்த எடையில் 1 முதல் 2 சதவீதம்தான். 1869-இல் மாணவராக இருந்த பால் லாங்கர்ஹான்ஸ் முதலில் பார்த்து எழுதியவை. சரி, விஷயத்துக்கு வருகிறேன். துத்தநாகம் ஏற்றும் அந்த மரபணு கெட்டால் சர்க்கரை வரும் என்றுதான் எல்லோரும் எதிர்பார்த்தோம். 2014-இல் சுமார் ஒன்றரை லட்சம் பேரின் தகவலைப் பார்த்தபோது, அதன் ஒரு பிரதி வேலை செய்யாதவர்களுக்கு டைப் 2 வரும் வாய்ப்பு 65 சதவீதம் குறைவு. கெட்டுப்போன மரபணு காப்பாற்றுகிறது! அதனால் ஒரு மரபணுவில் மாற்றம் என்ற உடனே பயப்பட வேண்டியதில்லை, அது என்ன செய்கிறது என்று பார்க்க வேண்டும்.

இனி உங்கள் 12 வருஷம். டைப் 2-வில் முதலில் போவது சுரப்பின் முதல் வீச்சு. குளுக்கோஸ் ஏறிய முதல் பத்து நிமிடத்துக்குள் தயாராக இருந்த பைகள் ஒரே மூச்சில் கொட்டும் அல்லவா, அது மங்கிவிடும். சாப்பாட்டுக்குப் பிறகு எண் எகிறுவது அதனால்தான். பிறகு செல்களின் எண்ணிக்கையும் குறைகிறது. 2003-இல் இறந்தவர்களின் கணையங்களைப் பார்த்த ஆய்வில், சர்க்கரை இருந்த ஒல்லியானவர்களிடம் பீட்டா செல் 41 சதவீதமும், பருமனானவர்களிடம் 63 சதவீதமும் குறைந்திருந்தது. இன்னொரு பக்கம், இருக்கும் செல்களில் சில சாகாமல் தன் அடையாளத்தை இழந்து இன்சுலின் சுரப்பதை மறந்துபோகின்றன என்று எலிகளில் 2012-இல் காட்டினார்கள். உயர்ந்த சர்க்கரையும் கொழுப்பும் செல்லை நாள்கணக்காக அடித்துக்கொண்டே இருப்பது இதற்குக் காரணம் என்று கருதுகிறார்கள். அதில் நல்ல செய்தியும் இருக்கிறது, மறந்த செல்லுக்கு ஓய்வு கொடுத்தால் கொஞ்சம் நினைவு வருகிறது. 2017-இல் வந்த டைரக்ட் ஆய்வில் சர்க்கரை வந்து ஆறு வருஷத்துக்குள் இருந்தவர்களை எடை குறைக்க வைத்தார்கள், ஒரு வருஷத்தில் 46 சதவீதம் பேர் மருந்தில்லாமல் சர்க்கரை இல்லாத நிலைக்கு வந்தார்கள். வந்தவர்களிடம் அந்த முதல் வீச்சு திரும்பியிருந்தது.

உங்களுக்கு 12 வருஷம் ஆகிவிட்டது, அதனால் அதே வாய்ப்பு இருக்கிறது என்று சொல்லி உங்களை ஏமாற்ற மாட்டேன். எடையும் நடையும் வேண்டாம் என்றும் சொல்லவில்லை, அவை பீட்டா செல்லின் சுமையைக் குறைக்கும். ஆனால் மாத்திரை மூன்றானது உங்கள் சோம்பலால் என்று யாராவது சொன்னால் மனதில் ஏற்றிக்கொள்ளாதீர்கள். ஒரு சி-பெப்டைடு பாருங்கள். இன்சுலின் தயாராகும்போது கூடவே வெட்டுப்பட்டு வரும் துண்டு அது, ஒரு இன்சுலினுக்கு ஒன்று. உங்கள் கணையம் இன்னும் எவ்வளவு தருகிறது என்பது அதில் தெரியும். குறைவாக இருந்தால் இன்சுலினுக்குப் போவதைத் தோல்வியாக எண்ண வேண்டாம், களைத்த செல்லுக்குக் கைகொடுப்பதுதான் அது.


பழையசைக்கிள்:

நன்றி. 12 வருஷத்தில் இதை எனக்கு யாரும் இப்படிச் சொல்லவில்லை. சி-பெப்டைடு அடுத்த வாரம் எடுக்கிறேன்.


கார்முகில்:

மூன்று மாதம் கழித்து வருகிறேன், மன்னிக்கவும். எதிரணுக்கள் எதுவும் இல்லை. சி-பெப்டைடு சரியாக இருந்தது. மரபணு முடிவு போன வாரம் வந்தது. ஜிசிகே-தான். ஒரு பிரதியில் ஒரே ஒரு எழுத்து மாறியிருக்கிறது. மெட்ஃபார்மினை மருத்துவரே நிறுத்தச் சொல்லிவிட்டார், வருஷத்துக்கு ஒருமுறை எச்பிஏ1சி பார்த்தால் போதும் என்றார். அம்மாவுக்கும் பார்த்தோம், அதே எழுத்து.

நுண்ணோக்கி, பிறந்த எடையைக் கேட்டிருந்தீர்கள். நான் 3 கிலோ. தம்பி 3 கிலோ 900 கிராம். பிரசவம் கஷ்டமாகிவிட்டதாம். காரணம் என்ன என்று சொல்லுங்கள், எனக்குக் கல்யாணம் பேசிக்கொண்டிருக்கிறார்கள், குழந்தை விஷயமும் தெரிந்துகொள்ள வேண்டும்.


நுண்ணோக்கி:

எடையைக் கேட்டதே இதற்காகத்தான்.

வயிற்றில் இருக்கும் குழந்தைக்கும் பீட்டா செல் உண்டு. அம்மாவின் குளுக்கோஸ் தொப்புள்கொடி வழியாக அதற்குப் போகும், இன்சுலின் போகாது. அம்மாவின் ரத்தத்தில் 120 இருக்கிறது. குழந்தையும் அதே ஜிசிகே மாற்றத்தை வாங்கியிருந்தால் அதன் அளவுகோலுக்கும் 120-தான் சரி, அளவாகச் சுரக்கும், அளவாக வளரும். அது நீங்கள். மாற்றம் வராத குழந்தைக்கு அதே 120 மிக அதிகமாகத் தெரியும், அதன் பீட்டா செல் இன்சுலினைக் கொட்டும். கருவில் இன்சுலின் வளர்ச்சி ஹார்மோன் மாதிரி வேலை செய்வதால் குழந்தை பெரிதாகும், சராசரியாக அரை கிலோவுக்கு மேல் கூடும். அது உங்கள் தம்பி.

அதனால் நீங்கள் கர்ப்பமாகும்போது முதல் வாரங்களிலேயே ஜிசிகே என்று சொல்லிவிடுங்கள். ஸ்கேனில் குழந்தையின் வயிற்றுச் சுற்றளவைப் பார்த்துக்கொண்டு வருவார்கள், வேகமாகப் பெருத்தால் மாற்றம் வராத குழந்தை என்று வைத்து உங்களுக்கு இன்சுலின் கொடுப்பார்கள், அளவாக வளர்ந்தால் பெரும்பாலும் தேவைப்படாது. மாற்றம் வராத குழந்தைக்காக இன்சுலின் கொடுப்பதும் வந்த குழந்தைக்காகக் கொடுப்பதும் ஒன்றில்லை. மாற்றம் வாங்கிய குழந்தைக்காக அம்மாவின் சர்க்கரையை அழுத்திக் குறைத்தால் குழந்தை மெலிந்து போகலாம்.


கார்முகில்:

இதை அப்படியே அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். தம்பி பெரிதாகப் பிறந்ததற்கு, வாயைக் கட்டவில்லை, கண்டதைத் தின்றாய் என்று அந்த நேரத்தில் எல்லோரும் அவரைத் திட்டியிருக்கிறார்கள். இத்தனை வருஷம் அவரும் அதையே நம்பியிருக்கிறார். இரண்டு தடவை படிக்கச் சொன்னார். அப்புறம், "அப்போ நான் ஒன்றும் தப்பாகச் சாப்பிடவில்லையா?" என்று கேட்டார். இல்லை அம்மா என்றேன்.